என்விடியாவா, ஏஎம்டியா, இன்டெலா? சந்தை சரியும் முன் சிப் பங்குகளை ஒப்பிட்டுப் பார்க்க ஒரு முழு வழிகாட்டி

சென்னையின் மீன்பிடித் துறைமுகமான காசிமேட்டில் பங்கு என்று சொன்னால் முதலில் நினைவுக்கு வருவது, லாஞ்சில் போனவர்களுக்கு மீன்பாட்டில் பிரித்துக் கொடுக்கும் பங்குதான். டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பிரிப்பார்கள். அந்தக் கணக்கை எழுதுவதுதான் என் பிழைப்பு. ஒரு ஐஸ் பேக்டரி, நாலைந்து படகு முதலாளிகள், ஒரு டீசல் இன்ஜின் ஸ்பேர் கடை என்று கணக்கு நோட்டுகளோடு காலம் ஓடுகிறது.

இங்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். எல்லாப் படகும் கரையில்தான் கிடக்கும். ஆனால் ஜூன் 15 அதிகாலையில் எல்லாப் படகும் கிளம்பாது. இன்ஜினைப் பிரித்துப் போட்டவர் கையில் காசில்லாமல் நிற்பார். வலைக்குக் கடன் வாங்கியவர், பிடிக்கப் போகும் மீனைக் கடன்காரர் சொல்லும் விலைக்கே கொடுக்க ஒப்புக்கொண்டிருப்பார். போன டிசம்பரில் யார் அதிகம் மீன் கொண்டுவந்தார் என்பது அன்றைக்கு யாருக்கும் ஞாபகம் இருக்காது.

என் அக்கா மகன் அம்பத்தூரில் வேலை பார்க்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ராயபுரம் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தான். "மாமா, மார்க்கெட் விழப்போவுதுன்றாங்க. விழுறதுக்கு முன்னாடி எந்த சிப் கம்பெனி ஷேர் வெச்சிருந்தா சேஃப்? என்விடியாவா ஏஎம்டியா? ஒரே ஒரு பேரு சொல்லு, போதும்." ஒரு பேரைச் சொல்லி அனுப்பியிருக்கலாம்தான். நானும் 2021 கடைசியில் ஒரு பெயரை மட்டும் கேட்டு ஒரு சிப் பங்கை வாங்கினவன். ஒரு வருடத்துக்குள் போட்டதில் பாதிகூட மிஞ்சவில்லை. மகள் காலேஜ் பீஸுக்கு வைத்திருந்த பணம் அது. அடிமட்ட விலையில் விற்றேன். இரண்டு வருடத்தில் அந்தப் பங்கு நான் வாங்கிய விலையைத் தாண்டிப் போனது. அதனால் அவனுக்குப் பெயர் சொல்லவில்லை. ஒரு நீள நோட்டை எடுத்துக் கோடு போடச் சொன்னேன். அன்று மாலை நாங்கள் போட்ட வரிசைதான் இது.

1. யாருக்கு யார் போட்டி?

சிப் கம்பெனி என்று ஒரே பெயரில் அழைத்தாலும் தொழில் வேறு வேறு. ஏஐ வேலைக்கான ஜிபியுவில் (ஒரே நேரத்தில் ஏராளமான கணக்குகளைப் போடும் சிப்) என்விடியாவுக்கும் ஏஎம்டிக்கும் நேரடிப் போட்டி. கம்ப்யூட்டர், சர்வர் பிராசஸரில் ஏஎம்டிக்கும் இன்டெலுக்கும் போட்டி. மெமரியில் மைக்ரானுக்கு எதிரே நிற்பது கொரியாவின் சாம்சங்கும் எஸ்.கே. ஹைனிக்ஸும். தைவானின் டிஎஸ்எம்சி யாருக்கும் சிப் வடிவமைப்பதில்லை. என்விடியாவுக்கும் ஏஎம்டிக்கும் சிப் அடித்துக் கொடுப்பதே அதுதான். இரண்டு போட்டிக் கடைகளுக்கும் ஒரே பேக்டரியிலிருந்து ஐஸ் போவதைப் போல.

நோட்டில் கம்பெனிக்கு ஒரு வரி. மைக்ரானையும் என்விடியாவையும் பக்கத்தில் வைத்து "இது மலிவு, அது விலை அதிகம்" என்று சொல்வதில் அர்த்தமில்லை.

2. அசல் காகிதத்தை எடுங்கள்

அமெரிக்க கம்பெனிகள் ஆண்டுக்கு ஒருமுறை 10-கே, காலாண்டுக்கு ஒருமுறை 10-கியூ என்ற அறிக்கைகளை அமெரிக்கப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான எஸ்.இ.சி.யிடம் தாக்கல் செய்ய வேண்டும். அதன் எட்கர் தளத்தில் இலவசமாகவே கிடைக்கும். டிஎஸ்எம்சி போன்ற வெளிநாட்டு கம்பெனி தருவது 20-எஃப்.

ஆண்டுக் கணக்கு முடியும் தேதி ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு மாதிரி. ஏஎம்டி, இன்டெல் கணக்கு டிசம்பர் கடைசியில் முடியும். என்விடியா ஜனவரி கடைசியில் முடிப்பதால், அது 2025 நிதியாண்டு என்று சொல்வதில் பெரும்பகுதி 2024-ல் நடந்த வியாபாரம். மைக்ரான் கணக்கு ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் தொடக்கத்தில் முடியும். இதைக் கவனிக்காமல் ஒரே வருட எண்ணைப் பார்த்து ஒப்பிட்டால், ஒருவருடைய சீசனையும் இன்னொருவருடைய தடைக்காலத்தையும் ஒப்பிட்டதாகிவிடும்.

3. கிடங்கில் எத்தனை நாள் சரக்கு?

சரிவுக்கு முன் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். லாபத்தைப் பிறகு பார்க்கலாம்.

தடைக்காலத்துக்கு முந்தின வாரம் எங்கள் ஐஸ் பேக்டரியில் நின்று பார்த்தால் புரியும். பாளம் பாளமாக அடுக்கி, உமியைக் கொட்டி, சாக்குப் போட்டு மூடியிருப்பார்கள். என் நோட்டில் அது முழு விலைக்கே சரக்கு. ஆனால் வாசற்படிக்குக் கீழே ஒரு மெல்லிய நீர்க்கோடு தெருச் சாக்கடையை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். முதலாளி அதைத் தாண்டித் தாண்டி நடப்பார், குனிந்து பார்க்க மாட்டார். சிப் உருகாது, அதன் விலை உருகும். அடுத்த மாடல் வந்தால் இன்னும் வேகமாக.

கணக்கு எளிது. வருடக் கடைசியில் இருக்கும் சரக்கு மதிப்பை, அந்த வருடம் விற்ற பொருளின் அடக்கச் செலவால் வகுத்து, 365-ஆல் பெருக்குங்கள். எத்தனை நாள் விற்பனைக்கான சரக்கு கிடங்கில் தூங்குகிறது என்பது வந்துவிடும்.

என்விடியாவை வைத்தே போட்டுப் பார்த்தோம். 2022 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் விற்பனை சுமார் 2,691 கோடி டாலர், அடக்கம் 944 கோடி, சரக்கு 260 கோடி. நாள் கணக்கில் 101. அடுத்த நிதியாண்டில் விற்பனை 2,697 கோடி டாலர். அதாவது ஏறவே இல்லை. சரக்கு மட்டும் 516 கோடியாகிவிட்டது. அடக்கம் 1,162 கோடி. நாள் கணக்கு 162. மருமகன் கால்குலேட்டரை இரண்டு முறை தட்டிப் பார்த்தான்.

அந்த இரண்டு ஜனவரிக்கும் நடுவில்தான் கேமிங் கார்டு விற்பனை திடீரென்று படுத்தது. 2022 ஜூலையில் முடிந்த காலாண்டில் மட்டும், பெரும்பாலும் சரக்கு சம்பந்தமாக, சுமார் 130 கோடி டாலரைச் செலவாக எழுத வேண்டிவந்தது. முந்தின காலாண்டில் 65.5 சதவீதமாக இருந்த மொத்த லாப விகிதம் (விற்பனையில் அடக்கம் போக மிஞ்சுவது) 43.5-க்கு இறங்கியது. இன்று எல்லோரும் கும்பிடும் கம்பெனிக்குத்தான் இது நடந்தது.

அதே காலத்தில் ஏஎம்டி எப்படி? 2021 கடைசியில் சரக்கு 196 கோடி டாலர், 84 நாள். 2022 கடைசியில் 377 கோடி. அடக்கமாகக் காட்டிய 1,300 கோடியால் வகுத்தால் 106 நாள் வரும். ஆனால் அந்த 1,300-க்குள் சைலிங்ஸ் கம்பெனியை வாங்கிய விலையில் ஒரு பகுதியை வருடாவருடம் பிரித்து எழுதும் தேய்மானம் 145 கோடி ஒளிந்திருக்கிறது. சரக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கழித்துவிட்டுப் போட்டால் 119 நாள். இந்த மாதிரி ஒட்டுச் செலவுகளைப் பிரிக்காமல் இரண்டு கம்பெனிகளை ஒப்பிட்டால் ஒரு பக்கம் வீணாக நல்ல பிள்ளையாகத் தெரியும்.

விற்பனை வேகமாக ஏறும்போது சரக்கும் ஏறுவது சகஜம், பயப்பட வேண்டாம். விற்பனை நின்று, சரக்கு நாள் மட்டும் இரண்டு மூன்று காலாண்டு தொடர்ந்து ஏறினால்தான் வாசலில் நீர்க்கோடு ஓடுகிறது என்று அர்த்தம். சில சமயம் வெயிலே தேவையில்லை, அரசாங்க உத்தரவே உருக்கிவிடும். 2025 ஏப்ரலில் என்விடியாவின் எச்20 என்ற ஏஐ சிப்பைச் சீனாவுக்கு விற்க உரிமம் வேண்டும் என்று அமெரிக்கா சொன்னதும், அந்தக் காலாண்டில் அது 450 கோடி டாலரைச் செலவாக எழுதியது.

4. பேக்டரி சொந்தமா, வாடகையா?

என்விடியாவுக்கும் ஏஎம்டிக்கும் சொந்தமாக சிப் ஆலை இல்லை. ஏஎம்டி தன் ஆலைகளை 2009-லேயே பிரித்து விட்டது. ஆர்டர் குறைந்தால் இவர்கள் டிஎஸ்எம்சியிடம் கொடுக்கும் ஆர்டரைக் குறைக்கப் பார்க்கலாம். முழுக்க முடியாது. முன்கூட்டியே ஒப்புக்கொண்ட கொள்முதல் பொறுப்பு 10-கே-யின் குறிப்புகளில் தனியாக இருக்கும். அந்த எண்ணையும் நோட்டில் ஏற்றுங்கள்.

சொந்த ஆலை வைத்திருப்பவர்களுக்குக் கடலுக்குப் போனாலும் போகாவிட்டாலும் செலவு ஓடும். இன்டெலின் விற்பனை 2021-ல் 7,900 கோடி டாலர், 2022-ல் 6,310, 2023-ல் 5,420. இறங்கிக்கொண்டே இருந்தபோதும் ஆலை கட்டுவதை நிறுத்த முடியவில்லை. 2023-ல் தொழிலில் இருந்து கைக்கு வந்த ரொக்கம் சுமார் 1,150 கோடி. ஆலைக்கும் இயந்திரத்துக்கும் போனது 2,500 கோடிக்கு மேல். முதலில் டிவிடெண்டை (பங்குதாரருக்குக் கொடுக்கும் லாபத் தொகை) மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தார்கள். 2024 ஆகஸ்டில் அதையும் நிறுத்தப் போவதாக அறிவித்தார்கள். மறுநாள் பங்கு 26 சதவீதம் விழுந்தது. அந்த வருடம் முடியும்போது நஷ்டம் 1,880 கோடி டாலர்.

"டிவிடெண்ட் கொடுக்கிற பழைய கம்பெனி, சரிவுல சேஃப்" என்று நினைத்து இன்டெலை வைத்திருந்தவர்கள் இந்த வரிசையை 2022-லேயே பார்த்திருக்க முடியும். ரொக்க வரவு அறிக்கையில் இரண்டே வரிதான்: தொழிலில் இருந்து வந்தது, ஆலைக்குப் போனது.

கடனையும் இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். 2024 கடைசியில் இன்டெலுக்குக் கடன் சுமார் 5,000 கோடி டாலர். 2025 ஜனவரியில் என்விடியாவிடம் ரொக்கமும் எளிதில் காசாக்கக்கூடிய பத்திரங்களும் 4,320 கோடி, கடன் சுமார் 850 கோடி. ஜூன் 15 அன்று யார் டீசல் போடுவார் என்று கேட்டால், மருமகனே பதில் சொல்லிவிட்டான்.

5. வாங்குகிறவர் யார்?

ஒரே ஓட்டலுக்கு மொத்த வஞ்சிரத்தையும் கொடுக்கும் படகுக்காரர் நிம்மதியாகத் தூங்குவார், அந்த ஓட்டல் மூடும்வரை. பெரிய வாடிக்கையாளர் மொத்த விற்பனையில் 10 சதவீதத்தைத் தாண்டினால் 10-கே-யில் சொல்லியாக வேண்டும். என்விடியாவின் 2025 நிதியாண்டு அறிக்கையில் அப்படி மூன்று நேரடி வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் மைக்ரோசாஃப்ட், மெட்டா, அமேசான், கூகுள் போன்றவர்களின் டேட்டா சென்டர் செலவு இருக்கிறது. கூகுளுக்குச் சொந்தமாக டிபியு, அமேசானுக்கு ட்ரெய்னியம் என்று தங்களுக்கான சிப்பை அவர்களே வடிவமைத்தும் கொள்கிறார்கள். வாடிக்கையாளரே போட்டியாளர்.

அதனால் என்விடியா அறிக்கையை மட்டும் படித்தால் பாதி வேலைதான் முடிந்தது. இந்த நாலு கம்பெனிகளும் காலாண்டுக்கு ஒருமுறை மூலதனச் செலவு எவ்வளவு என்று சொல்வார்கள். அந்த எண் இறங்கினால் ஏஎம்டியும் தப்பாது, மெமரியும் தப்பாது.

6. பி.இ. குறைவாக இருந்தால் மலிவா?

இதில்தான் படித்தவர்களே மாட்டிக்கொள்கிறார்கள். பங்கு விலையை ஒரு பங்குக்கான லாபத்தால் வகுத்தால் பி.இ. அது சின்னதாக இருந்தால் மலிவு என்று பாடம். சீசன் தொழிலில் இந்தப் பாடம் தலைகீழ்.

மைக்ரான் 2018 நிதியாண்டில் ஒரு பங்குக்கு 11.51 டாலர் லாபம் காட்டியது. அந்த வருடம் மே மாதம் பங்கு விலை 60 டாலரைத் தொட்டது. பி.இ. 5 சுற்றி. அடிமாட்டு விலை என்று வாங்கியவர்கள் டிசம்பர் கடைசியில் 30 டாலர் சுற்றி நின்றார்கள். விலை மலிவாக இல்லை, லாபம்தான் உச்சத்தில் இருந்தது.

இதற்கு மாற்று, ஐந்து வருடச் சராசரி. மைக்ரானின் நிகர லாபம் 2020 நிதியாண்டில் 269 கோடி டாலர், அடுத்து 586, அப்புறம் 869, 2023-ல் 583 கோடி நஷ்டம், 2024-ல் 78 கோடி லாபம். கூட்டி ஐந்தால் வகுத்தால் 244 கோடி. 869-ஐ வைத்துப் பி.இ. போட்டவருக்கும் 244-ஐ வைத்துப் போட்டவருக்கும் மூன்றரை மடங்கு வித்தியாசம். மெமரிக்கு 2025-ல் மறுபடி நல்ல சீசன் வந்து விற்பனை சுமார் 3,740 கோடிக்கு ஏறியது. அப்போதும் சராசரியைத்தான் பார்ப்பேன்.

ஏஎம்டியில் வேறொரு சிக்கல். 2024-ல் கணக்கு விதிப்படி லாபம் 164 கோடி டாலர். சைலிங்ஸ் தேய்மானம், ஊழியர்களுக்குக் கொடுத்த பங்கு போன்றவற்றை விலக்கிவிட்டு கம்பெனி தானே சொல்லும் லாபம் 540 கோடிக்கு மேல். செயலியில் தெரியும் பி.இ. எந்த லாபத்தில் போட்டது என்று பாருங்கள். தேய்மானத்தை விலக்குவதை நான் ஒப்புக்கொள்வேன், ஏனென்றால் அந்தக் காசு இனிமேல் வெளியே போகாது. ஊழியர் பங்கை விலக்குவதை ஒப்புக்கொள்ள மாட்டேன். லாஞ்சில் போனவர் பங்கைக் கழிக்காமல் முதலாளி லாபத்தைச் சொன்னால் காசிமேட்டில் சிரிப்பார்கள்.

7. போன சரிவில் யார் எவ்வளவு விழுந்தார்கள்?

2022 காலண்டர் வருடத்தில் அமெரிக்காவின் பெரிய கம்பெனிகளின் குறியீடான எஸ் அண்ட் பி 500 சுமார் 19 சதவீதம் இறங்கியது. ஏஎம்டி 55, என்விடியா 50, இன்டெல் 49, மைக்ரான் 46, அமெரிக்காவில் வர்த்தகமாகும் டிஎஸ்எம்சி 38 சதவீதம்.

இந்த வரிசையைப் பார்த்துவிட்டு மருமகன் கொஞ்ச நேரம் பேசவில்லை. நல்ல கம்பெனி, நொண்டும் கம்பெனி, கடனில்லாதது, கடனில் மூழ்கியது எல்லாம் ஏறக்குறைய பாதிக்கு வந்திருக்கின்றன. அப்படியானால் இத்தனை கணக்கும் எதற்கு? 2023-ல் என்விடியா மூன்று மடங்குக்கு மேல் ஆனது. இன்டெல் 2023-ல் நன்றாகத் தேறி, 2024-ல் மறுபடி படுத்துவிட்டது. சரிவு எல்லாப் படகையும் கரையில் கட்டிப்போடும். கணக்கு சொல்வது யார் மறுபடி கடலுக்குப் போவார் என்பதை மட்டுமே. விழாத சிப் பங்கு எது என்று தேடுபவருக்கு என்னிடம் பதில் இல்லை. அப்படி ஒன்று இல்லை.

என்விடியா கொஞ்சம், ஏஎம்டி கொஞ்சம், மைக்ரான் கொஞ்சம் என்று பிரித்து வைத்தால் பாதுகாப்பு என்று நினைப்பதும் இதே கணக்கில் அடிபடுகிறது. நாலு படகு வாங்கி நாலையும் ஒரே துறைமுகத்தில் கட்டியதைப் போலத்தான். சரிவுக்கான பாதுகாப்பு சிப்புக்கு வெளியே இருக்க வேண்டும்: பிக்சட் டெபாசிட், குறுகிய காலக் கடன் பத்திர ஃபண்ட், வீட்டில் இருக்கும் தங்கம், எதுவானாலும்.

8. எவ்வளவு போடலாம், எந்த வழியில்?

என் விதி ஒன்றுதான். பாதியானாலும் மூன்று வருடம் தொடாமல் இருக்க முடிகிற தொகை. ஐம்பது சதவீதம் விழுந்தது பழைய விலைக்கு வர நூறு சதவீதம் ஏற வேண்டும், அதற்கு நேரம் பிடிக்கும். அந்தத் தொகையையும் ஒரே நாளில் போட வேண்டாம். ஐந்தாறு தவணையாக, காலாண்டு முடிவு பார்த்துப் போடலாம்.

நேரடியாக அமெரிக்கப் பங்கு வாங்க, ரிசர்வ் வங்கியின் எல்.ஆர்.எஸ். திட்டத்தில் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். 2025 ஏப்ரல் முதல் 10 லட்ச ரூபாய்க்கு மேல் முதலீட்டுக்காக அனுப்பும் தொகைக்கு 20 சதவீதம் டி.சி.எஸ். பிடிப்பார்கள் (கம்பெனி டிசிஎஸ் இல்லை, மூலத்தில் வசூலிக்கும் வரி). ரிட்டர்ன் போட்டுத் திரும்பப் பெறலாம், ஆனால் அதுவரை காசு முடங்கும். டிவிடெண்டில் அமெரிக்காவில் 25 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள், இங்கே கட்டும் வரியில் அதைக் கழித்துக்கொள்ளலாம். 24 மாதத்துக்கு மேல் வைத்து விற்றால் லாபத்துக்கு 12.5 சதவீதம், அதற்குள் விற்றால் உங்கள் வருமான வரி விகிதம். சரிவுக்குப் பயந்து 20-வது மாதத்தில் விற்பவர் இந்த வித்தியாசத்தையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

வருமான வரி ரிட்டர்னில் எஃப்.ஏ. அட்டவணையில் வெளிநாட்டுப் பங்கைக் காட்டியே ஆக வேண்டும், ஒரே ஒரு பங்கு இருந்தாலும், விற்காவிட்டாலும். அதற்கு மட்டும் ஜனவரி முதல் டிசம்பர் கணக்கு. என்னிடம் வரும் பையன்களில் பாதிப்பேர் இதை மறந்துவிட்டு வருகிறார்கள். இன்னொன்று, அமெரிக்கச் சொத்து 60,000 டாலரைத் தாண்டிய நிலையில் வைத்திருப்பவர் இறந்துபோனால், அங்கே எஸ்டேட் வரி உண்டு. சின்னத் தொகைக்காரர்களுக்குக் கவலை இல்லை.

இங்குள்ள சந்தையிலேயே நாஸ்டாக் 100 ஈ.டி.எஃப். (அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் உள்ள பெரிய கம்பெனிகளில் போடும், பங்கு போலவே வாங்கி விற்கும் ஃபண்ட்) வாங்குவது இன்னொரு வழி. ஆனால் மியூச்சுவல் ஃபண்டுகள் வெளிநாட்டில் போட மொத்தத்துக்கு 700 கோடி டாலர் என்று உச்சவரம்பு இருப்பதால், புது யூனிட் தாராளமாக வராது. தேவை கூடும்போது ஈ.டி.எஃப். விலை உண்மை மதிப்பைவிட மேலே போய்விடும். வாங்கும் முன் அந்தந்த நேரத்து என்.ஏ.வி.யை (ஒரு யூனிட்டின் உண்மை மதிப்பு) ஃபண்ட் தளத்தில் பாருங்கள். 10 சதவீதம் அதிகம் கொடுத்து வாங்கினால், சரிவு வரும் முன்னாலேயே உங்களுக்கு மட்டும் 10 சதவீதச் சரிவு வந்துவிட்டது.

9. காலண்டரில் குறிக்க வேண்டிய தேதிகள்

இரவு ஏழு மணியிலிருந்து ஒன்றரை வரை (குளிர்காலத்தில் எட்டிலிருந்து இரண்டரை வரை) போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்வதால் பயனில்லை. டிஎஸ்எம்சி மாதாமாதம் 10-ம் தேதி வாக்கில் முந்தின மாத விற்பனையை வெளியிடும். என்விடியா, ஏஎம்டி என்று பலருக்கும் சிப் அடிப்பவர் என்பதால் இந்தத் துறையில் முதலில் கிடைக்கும் தகவல் அதுதான். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் நடுவில் அதன் காலாண்டு முடிவு, பின்னாலேயே இன்டெல், ஏஎம்டி. என்விடியா கடைசியாக, பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் மாதங்களின் பிற்பாதியில். மைக்ரான் மட்டும் இந்த வரிசையில் சேராமல் டிசம்பர், மார்ச், ஜூன், செப்டம்பரில் வரும். மெமரி விலை திரும்பினால் அங்கே சீக்கிரம் தெரிந்துவிடும்.

ஒவ்வொரு முடிவின்போதும் நாலு எண் மட்டும் எழுதுங்கள்: சரக்கு நாள், மொத்த லாப விகிதம், தொழிலில் வந்த ரொக்கத்துக்கும் ஆலைச் செலவுக்கும் உள்ள வித்தியாசம், கொள்முதல் பொறுப்பு. இதில் மூன்று எண்கள் தொடர்ந்து இரண்டு காலாண்டு கெட்ட பக்கம் போனால் அடுத்த தவணையை நிறுத்துவேன். விலை விழுந்ததற்காக மட்டும் நிறுத்த மாட்டேன். 2025 ஜனவரி 27 அன்று, சீனாவின் டீப்சீக் என்ற ஏஐ பற்றிய பயத்தில் என்விடியா ஒரே நாளில் 17 சதவீதம் விழுந்தது. அன்றைக்கு இந்த நாலு எண்ணில் எதுவும் மாறியிருக்கவில்லை.

மருமகன் நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது இன்டெல் வரியும் என்விடியா வரியும் நிரம்பியிருந்தன. ஏஎம்டிக்குக் கொள்முதல் பொறுப்புக் கட்டம் காலி. "இத மட்டும் நீயே சொல்லிடு மாமா" என்றான். 10-கே-யில் குறிப்புகள் பகுதியில் இருக்கும், போய்த் தேடு என்றேன். சுவரில் தொங்கிய தினசரி காலண்டரில் 10-ம் தேதித் தாளைத் தூக்கிப் பிடித்து, ராகுகாலத்துக்குக் கீழே பென்சிலால் "டிஎஸ்எம்சி" என்று எழுதிவிட்டுத்தான் வண்டியை எடுத்தான்.